நகல் கொடுப்பது மலிவு, பார்ப்பதுதான் செலவு: குற்ற வழக்கின் ஆதார விதிகள் மாறும்போது பில் யாருக்குப் போகிறது?

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230-ஆம் பிரிவைப் படித்து முடிக்க இரண்டு நிமிடம் போதும். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், நீதிமன்றத்தில் ஆஜரான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், அரசுத் தரப்பு நம்பியிருக்கும் ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை அவருக்கு இலவசமாகத் தரவேண்டும். பாதிக்கப்பட்டவர் வழக்கறிஞர் வைத்திருந்தால் அவருக்கும் ஒரு செட் உண்டு. மின்னணு வடிவில் கொடுத்தாலும் முறையாகக் கொடுத்ததாகவே கொள்ளப்படும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 207-ஆம் பிரிவில் நாள் கணக்கும் இல்லை, பாதிக்கப்பட்டவரும் இல்லை. 2024 ஜூலை 1-ல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது கொலை, திருட்டு ஆகியவற்றின் பிரிவு எண்கள் மாறியதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். ஆதாரத்தை எப்படிப் பதிவுசெய்வது, எங்கே வைப்பது, எதிரி தரப்புக்கு எப்படிக் கொடுப்பது, அவர்கள் தாங்களாக எதைத் திரட்டலாம் என்ற விதிகள் மாறியது அவ்வளவாகக் கவனத்துக்கு வரவில்லை. பணம் செலவாவது இங்கேதான். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இருக்கிறது; காவல்துறையும் சிறையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. விதியை எழுதுவது நாடாளுமன்றம். அதற்கான காகிதம், ஹார்ட் டிஸ்க், எஸ்கார்ட் போலீஸ், சிறைச் சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் மாநிலக் கணக்கு.

காகிதக் கணக்கு எளிது. ஐந்து எதிரிகள் உள்ள ஒரு மோசடி வழக்கில் குற்றப்பத்திரிகையும் இணைப்புகளும் சேர்ந்து 800 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். எதிரிகளுக்கு 5, பாதிக்கப்பட்டவருக்கு 1, நீதிமன்றத்துக்கு 1, அரசு வழக்கறிஞருக்கு 1, நிலையக் கோப்புக்கு 1 என ஒன்பது செட், 7,200 பக்கம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றாலும் 7,200 ரூபாயும், அடுக்கி எண்ணிட்டுத் தைக்க ஒரு ஆளின் ஒன்றிரண்டு நாள் வேலையும் ஆகும். 193-ஆம் பிரிவின் 8-ஆம் உட்பிரிவு இந்த நகல்களை உரிய அட்டவணையோடு தயாரித்து நடுவரிடம் ஒப்படைக்கும் பொறுப்பைப் புலனாய்வு அதிகாரியின் தலையில் வைக்கிறது. அட்டவணை என்ற அந்தச் சொல் அலங்காரத்துக்கு இல்லை. அட்டவணை இல்லாத கட்டில் 311-ஆம் பக்கம் விடுபட்டிருப்பது முக்கியச் சாட்சியின் குறுக்கு விசாரணை அன்றுதான் தெரியவரும். அன்றைக்கு வழக்கு வாய்தா. மருத்துவரோ வங்கி மேலாளரோ மறுபடி வரவேண்டும்.

மின்னணு நகல் இந்த 7,200 ரூபாயைச் சில நூறு ரூபாய் பென்டிரைவாகச் சுருக்கிவிடும் என்பது கணக்குப் போட்டவர்களின் எதிர்பார்ப்பு. காகிதத்தைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அதே சட்டம் பென்டிரைவில் ஏற வேண்டிய சரக்கைப் பல மடங்கு பெருக்கிவிட்டது. 105-ஆம் பிரிவு ஒவ்வொரு சோதனையையும் பறிமுதலையும், பறிமுதல் பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திடுவது உட்பட, ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. 176-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் போகவேண்டும், அதைச் செல்போனிலோ வேறு கருவியிலோ பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. சாட்சி வாக்குமூலத்தையும் பதிவு செய்யலாம். இவற்றுக்காக தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-சாக்ஷ்யா செயலியில் ஒரு பதிவு அதிகபட்சம் நான்கு நிமிடம்தான். மூன்று மணி நேரச் சோதனையை முழுக்கப் பதிவு செய்தால் 45 துண்டுகள். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் என்ன நடந்தது என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியாக இருக்கும்.

இப்படிச் சேரும் கோப்புகளை நகலெடுப்பதற்குப் பெரிய செலவில்லை. பார்க்கத்தான் ஆகும். ஒரு வழக்கில் பறிமுதல் பதிவு, கடைத்தெருவின் சிசிடிவி, கைப்பற்றிய செல்போனின் பிரதி எல்லாம் சேர்ந்து 60 மணி நேரக் காட்சி இருந்தால், இரட்டை வேகத்தில் ஓட்டினாலும் 30 மணி நேரம் வேண்டும். அதைப் புலனாய்வு அதிகாரி ஒருமுறை, அரசு வழக்கறிஞர் ஒருமுறை, எதிரி தரப்பு ஒருமுறை பார்க்கவேண்டும். சர்ச்சைக்குரிய பகுதியை நீதிபதியும் பார்க்கவேண்டும். இந்த மணிநேரங்கள் எந்த மதிப்பீட்டிலும் இல்லை. பட்ஜெட்டில் கருவிக்குத் தலைப்பு உண்டு, கட்டடத்துக்குத் தலைப்பு உண்டு. உட்கார்ந்து பார்க்கிற மனிதருக்குத் தலைப்பு இல்லை.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 330-ஆம் பிரிவைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். ஆவணங்கள் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் எதிரி தரப்பு அவற்றின் உண்மைத்தன்மையை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ வேண்டும். நிபுணரின் அறிக்கையை யாரும் மறுக்கவில்லை என்றால் அந்த நிபுணரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கக் கூடாது. மேலோட்டமாக இது எதிரி தரப்பை நெருக்கும் விதியாகத் தெரியும். உண்மையில் அரசுக்குப் பணம் மிச்சமாகக்கூடிய ஒரே பெரிய கதவு இதுதான். ஆய்வக அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து திருநெல்வேலி நீதிமன்றத்துக்கு ஒரு நாள் வந்து போனால் ஆய்வகத்தில் ஒரு நாள் வேலை நிற்கும், பயணப்படியும் ஆகும். அதைத் தவிர்க்க எதிரியின் வழக்கறிஞர் அறிக்கையை ஒப்புக்கொள்ள வேண்டும். மூலக் கோப்பைப் பார்க்காத எந்த வழக்கறிஞரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பென்டிரைவ் திறக்கவில்லை, கோப்பு டி.வி.ஆர். (கேமராப் பதிவுக் கருவி) நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் இருக்கிறது, அதை ஓட்டும் பிளேயர் இணைக்கப்படவில்லை, போன் பிரதிக்குக் கடவுச்சொல் தரவில்லை என்றால் 30-ஆவது நாள் அவர் எழுதப்போவது ஒரே வரிதான்: "அனைத்தும் மறுக்கப்படுகின்றன." அதன்பின் பட்டியலில் உள்ள அத்தனை நிபுணர்களுக்கும் சம்மன் போகும். சில நூறு ரூபாய்ப் பொருளில் விட்ட கவனம் பல நாள் சாட்சி விசாரணையாகத் திரும்பி வரும்.

சான்றிதழ் விஷயமும் இதே போலத்தான். 2014-ல் அன்வர் வழக்கிலும் 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம், மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக்க பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயம் என்று நிலைநாட்டியது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு அதை இன்னும் நீட்டியிருக்கிறது. சான்றிதழ் இப்போது இரண்டு பகுதி. ‘அ’ பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும். ‘ஆ’ பகுதியில் நிபுணர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்பட்டால் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீடு) என்ன, அது எஸ்.எச்.ஏ.1, எஸ்.எச்.ஏ.256, எம்.டி.5 அல்லது வேறு எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதையும் குறிக்கவேண்டும். ஹேஷ் எடுக்க இலவச மென்பொருளே போதும், சில நிமிட வேலை. பிரச்சினை அந்த நிபுணர். அரசுத் தரப்புக்கு அரசு ஆய்வகமோ சைபர் பிரிவோ இருக்கிறது. சம்பவ நேரத்தில் தான் வேறு ஊரில் இருந்ததைக் காட்டும் கடை சிசிடிவி பதிவு எதிரியிடம் இருந்தால், கடைக்காரரிடம் ஒரு கையெழுத்தும் காசு கொடுத்துக் கூப்பிடும் நிபுணரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கியாக வேண்டும். விதி இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஒரு தரப்பின் செலவு அரசுச் சம்பளப் பட்டியலில் கரைந்துவிடுகிறது. மறுதரப்பின் செலவு எதிரியின் வீட்டு நகையில் போய் நிற்கிறது.

நகல் கொடுப்பது ஒரு விதி என்றால், அரசுத் தரப்பு தன் கையில் வைத்திருந்தும் நம்பாத ஆவணங்களைப் பற்றிய விதி இன்னொன்று. எதிரிக்குச் சாதகமானவை இருந்தால் பெரும்பாலும் இந்தக் குவியலில்தான் இருக்கும். தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த சொத்துக்குவிப்பு வழக்கில்தான் இதன் ஒரு முக்கியப் படி நடந்தது. பெங்களூரு சிறப்பு நீதிமன்றத்தின் காவலில் இருந்த, ஆனால் சான்றாவணமாகக் குறியிடப்படாத ஆவணங்களைப் பார்வையிட வி.கே. சசிகலா கேட்டார். மறுக்கப்பட்டது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அவரைப் பார்வையிட அனுமதித்தது. அரசுத் தரப்பு நம்பவில்லை என்பதாலேயே எதிரிக்குப் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது என்பது அதன் சாரம். 2021 ஏப்ரலில், குற்ற விசாரணைகளின் குறைபாடுகள் குறித்துத் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில், நம்பாத வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருட்கள் ஆகியவற்றின் பட்டியலையும் எதிரிக்குத் தரவேண்டும் என்ற வரைவு விதியை நீதிமன்றம் ஏற்றது. 2022-ல் மனோஜ் வழக்கு அதை வலியுறுத்தியது. 2025 மே மாதம் சரளா குப்தா வழக்கில் அமலாக்கத் துறைக்கும் அந்தப் பட்டியல் கடமை பொருந்தும் என்றானது.

பட்டியல் தருவது செலவா? காவல் நிலையச் சொத்துப் பதிவேடும் மகஜர்களும் (பறிமுதல் குறிப்புகள்) ஒழுங்காக இருந்தால், அரை நாள் தட்டச்சு வேலை. ஒழுங்காக இல்லாவிட்டால் பறிமுதல் பொருட்களின் குவியலில் ஒவ்வொன்றாகத் தேடவேண்டும். ஆகவே பட்டியல் விதிக்குச் செலவு அதிகம் என்று ஒரு துறை சொன்னால், பதிவேடு சரியில்லை என்று அது ஒப்புக்கொள்வதாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்தச் செலவு விதியால் உண்டானதில்லை. முன்பே இருந்த கடன் இப்போது கேட்கப்படுகிறது, அவ்வளவுதான்.

சேமிப்புச் செலவு மட்டும் வேறு அளவைச் சேர்ந்தது. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நுழைவாயில், லாக்-அப், வராந்தா, வரவேற்பு, ஆய்வாளர் அறை, பின்புறம் என எல்லா இடத்திலும் ஒலியோடு பதிவாகும் இரவு நோக்குக் கேமராக்கள் வைக்கவேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த அளவு கருவி சந்தையில் கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநிலங்கள் நிதி ஒதுக்கவேண்டும் என்றும் சொன்னது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண உயர்தரக் கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் எழுதினால் மணிக்கு 900 மெகாபைட், நாளுக்கு 21.6 ஜிகாபைட். ஒரு நிலையத்துக்கு 12 கேமரா என்றால் நாளுக்கு சுமார் 259 ஜிகாபைட். 18 மாதத்துக்கு 142 டெராபைட். எட்டு டெராபைட் டிஸ்க்காக வாங்கினால் 18 டிஸ்க். ஒன்று கெட்டால் மாற்று என்று பார்த்தால் இன்னும் அதிகம். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்தால் பாதியாகக் குறையலாம். ஆனால் லாக்-அப்பில் அசைவே இல்லாமல் ஒருவர் கிடந்தார் என்பதும் ஆதாரம்தான் என்பதால், அந்தச் சிக்கனத்தை எல்லாக் கேமராவுக்கும் வைக்க முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ள தமிழ்நாட்டில் இதை ஒரு தடவைச் செலவாக எழுதிவிட்டுப் போகவும் முடியாது. ஓயாமல் எழுதி அழிக்கும் டிஸ்க்குகள் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியவை.

கருவி மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு 2020 ஜூனில் தந்தை-மகன் காவல் மரண வழக்கில் சிக்கிய சாத்தான்குளம் காவல் நிலையமே சான்று. விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் மதுரைக் கிளைக்கு அளித்த அறிக்கையின்படி, அங்கே ஒரு டெராபைட் டிஸ்க் இருந்தது. ஆனால் தினமும் பதிவு தானாக அழியும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. கணக்கில் கேமராவும் உண்டு, டிஸ்க்கும் உண்டு, செலவும் ஆகிவிட்டது. வேண்டிய நாளின் பதிவு மட்டும் இல்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், நிலையங்களில் வேலை செய்யாத கேமராக்களைப் பற்றி மறுபடி தானாகவே வழக்கை எடுக்க வேண்டியிருந்தது. கேமரா வாங்கும் ஒப்பந்தத்தில் பராமரிப்பும், மாதம் ஒருமுறை ஏதாவதொரு பழைய தேதியின் பதிவை எடுத்துக்காட்டும் சோதனையும் சேராவிட்டால் வாங்கிய பணம் வீண்.

இனி, எதிரி தரப்பு தானே ஆதாரம் திரட்டும் பாதை. போலீசுக்கு 94-ஆம் பிரிவு போதும். நிலையப் பொறுப்பு அதிகாரியே எழுத்து உத்தரவு அனுப்பி ஆவணத்தையோ கருவியையோ கேட்கலாம். அதே பிரிவில் எதிரி கேட்கவேண்டுமானால் நீதிமன்றத்தின் வழியாகத்தான். 2004-ல் தேவேந்திரநாத் பாதி வழக்கில், குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் எதிரி தன் தரப்பு ஆவணத்தை வரவழைக்கச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. 2017 டிசம்பரில் நித்ய தர்மானந்தா வழக்கில், மிக உறுதியான தரமுள்ள ஆவணத்தைப் புலனாய்வுத் தரப்பு ஒளித்திருந்தால் நீதிமன்றம் வரவழைக்கலாம் என்று ஒரு சிறு ஜன்னல் திறந்தது. பொதுவிதி மாறவில்லை: உன் முறை வரும்போது, அதாவது அரசுத் தரப்புச் சாட்சிகள் எல்லாம் முடிந்த பிறகு, 256-ஆம் அல்லது 266-ஆம் பிரிவின் கீழ் கேள்.

அந்த முறை வர ஆண்டுகள் ஆகும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைப்பு விவரப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பது 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம நிபந்தனை; அதற்கு முன் ஓராண்டு. கடைகளின் டி.வி.ஆர். பெரும்பாலும் 15 முதல் 30 நாளில் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். எனவே எதிரி தரப்பு வழக்கறிஞர் முதல் வாரத்திலேயே செய்யவேண்டிய வேலை ஆதாரத்தைக் கேட்பதில்லை, பாதுகாக்கச் சொல்வது. நடுவரிடம் தாக்கல் செய்யும் மனுவில் எந்த எண், எந்தத் தேதியின் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரி, எந்த முகவரியில் உள்ள கேமரா என்று துல்லியமாக இருக்கவேண்டும். "சம்பந்தப்பட்ட அனைத்துப் பதிவுகளும்" என்று எழுதிய மனு, மேம்போக்கானது என்று தள்ளுபடியாகும். பாதுகாக்க மட்டும் கேட்கிறோம், இப்போது தாக்கல் செய்யக் கேட்கவில்லை என்று தெளிவாகப் பிரித்து எழுதினால் தேவேந்திரநாத் பாதி வழக்குத் தீர்ப்பின் தடை குறுக்கே நிற்பது குறையும். கடைக்காரருக்கு அதே நாளில் பதிவுத் தபால் ஒன்றும் போகவேண்டும். இத்தனையும் செய்தும் உத்தரவு 40-ஆவது நாள் வந்தால் கடைப் பதிவு போயிருக்கும்.

பாதுகாப்பு உத்தரவு போடுவதற்கு அரசுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை: ஒரு மின்னஞ்சல், நிறுவனத்தின் சேமிப்பில் சில மெகாபைட். போடாமல் விட்டால் ஆகும் செலவு கணக்கிட முடியாத வகையில் பரவிக் கிடக்கும். ஆறு ஆண்டுக்குப் பின் எதிரி கேட்கும் பதிவு இல்லை என்று நிறுவனம் எழுதும். அதை வைத்து மேல்முறையீட்டில் ஒரு வாதம் எழும். சில சமயம் மறுவிசாரணை வரும். இந்தத் திருத்தத்தில் எனக்குப் புரியாத விடுபடல் இதுதான். பதிவு செய், நகல் கொடு, கெடுவுக்குள் முடி என்று இத்தனை சொன்ன சட்டம், எதிரி கேட்டால் முதல் மாதத்திலேயே பாதுகாத்து வை என்ற மலிவான ஒரு வரியைச் சேர்க்கவில்லை.

பணம் கட்டும் இடமும் ஒன்று உண்டு. நடுவர் முன் நடக்கும் வாரண்டு வழக்கில் (இரண்டாண்டுக்கு மேல் தண்டனைக்குரிய குற்றம்) எதிரி தன் சாட்சியை அழைக்கக் கேட்டால், அவர் வந்து போகும் நியாயமான செலவை முன்கூட்டியே நீதிமன்றத்தில் கட்டும்படி நடுவர் சொல்லலாம் என்கிறது 266-ஆம் பிரிவு. பழைய 243-லிருந்து அப்படியே வந்த வரி. கோவையில் வழக்கு, தொலைபேசி நிறுவன அதிகாரி சென்னையிலிருந்து வரவேண்டும் என்றால் ஏழை எதிரி அங்கேயே நின்றுவிடுவார். காணொளி வழி சாட்சியம் இந்தச் செலவைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்யும். 2023 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற 7,210 கோடி ரூபாய் மூன்றாம் கட்ட இ-நீதிமன்றத் திட்டத்தின் உண்மையான சேமிப்பு இங்கே தெரியலாம். அந்தத் திட்டத்தில் ஆவணங்களை ஸ்கேன் செய்வதற்கு மட்டும் 2,038.40 கோடி.

ஏழை எதிரிக்கு வழக்கறிஞர் தரும் பக்கத்தில் தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் எதிர்வாத வழக்கறிஞர் திட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு தலைமை வழக்கறிஞர், துணை, உதவி வழக்கறிஞர்கள், அலுவலகப் பணியாளர்கள் என முழுநேர அலுவலகமாக அது இயங்கும். 2023-24 முதல் 2025-26 வரையிலான மூன்றாண்டுக்கு 998.43 கோடி ரூபாய். வழக்குக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு பெயருக்கு ஆஜராகும் பழைய முறையைவிட இது பல மடங்கு மேல். ஆனால் அதன் மாதிரி வழக்கறிஞரைச் சுற்றியே அமைந்தது. சம்பவ இடத்துக்குப் போய் எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று பார்த்துவர ஒரு ஆளும், ‘ஆ’ பகுதியில் கையெழுத்திட ஒரு நிபுணரும், 60 மணி நேரக் காட்சியை உட்கார்ந்து பார்த்து நேரக் குறிப்பு எழுத ஒரு இளைஞரும் அதில் கிடையாது. தடய அறிவியல் பக்கம் மத்திய அரசு 2024 ஜூனில் ஒப்புதல் அளித்த தேசியத் தடய அறிவியல் உட்கட்டமைப்புத் திட்டத்துக்கு 2028-29 வரை 2,254.43 கோடி. ஆதாரத்தை உருவாக்கும் இயந்திரத்துக்கு இவ்வளவும், அதைச் சரிபார்க்கும் கைகளுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் ஒதுக்கினால், 330-ஆம் பிரிவின் மிச்சம் கிடைக்காது. அனைத்தும் மறுக்கப்படும்.

விதியை மாற்றிவிட்டுப் பணத்தைப் பிறகு யோசித்த ஊரின் அனுபவம் நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே பழைய விதிப்படி முக்கிய ஆவணங்கள் பல விசாரணைக்குச் சற்று முன்புதான் எதிரிக்குக் கிடைக்கும். 2020 ஜனவரி 1 முதல் அது தலைகீழானது. 21 வகை ஆவணங்களைக் கேட்காமலே தரவேண்டும். முதல் ஆஜரிலிருந்து 15 நாள். எல்லாம் கொடுத்துவிட்டோம் என்று சான்று தாக்கல் செய்யாமல் விசாரணைக்குத் தயார் என்று அரசுத் தரப்பு சொல்ல முடியாது. அந்தத் தயார் அறிவிப்போ விரைவு விசாரணைக் கடிகாரத்தோடு கட்டப்பட்டது: பெரிய குற்றங்களுக்கு ஆறு மாதம், சிறு குற்றங்களில் மேல்வகைக்கு 90 நாள். கடிகாரம் ஓடி முடிந்தால் வழக்கே தள்ளுபடி. சட்டம் இயற்றியபோது இதற்கென்று தனி நிதி இல்லை. போலீஸ் உடல் கேமராப் பதிவு, அதிகாரிகளின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு எல்லாவற்றையும் காவல்துறையிடமிருந்து வாங்கிச் சரிபார்த்து அனுப்பும் வேலையில் இளம் அரசு வழக்கறிஞர்கள் மூழ்கினார்கள். பலர் வேலையை விட்டார்கள். நியூயார்க் நகரில் தள்ளுபடியாகும் சிறு வழக்குகள் கணிசமாகக் கூடின. அதே ஆண்டு வசந்தத்திலேயே கெடு, சிறையில் இருப்போருக்கு 20 நாள், வெளியே இருப்போருக்கு 35 நாள் என்று நீட்டப்பட்டது. 2023 டிசம்பரில் மாநில உச்சநிலை நீதிமன்றம், நூற்றுக்கு நூறு முழுமை தேவையில்லை, நியாயமான முயற்சியைக் காட்டினால் போதும் என்றது. 2025 பட்ஜெட்டோடு விதி மறுபடி தளர்த்தப்பட்டது. இடையில் அரசு வழக்கறிஞர்களுக்கும் பொது எதிர்வாத அலுவலகங்களுக்கும் மாநிலம் கோடிக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டியும் வந்தது. பழியை எதிரியின் உரிமை மேல் போட்டார்கள். அடைப்பு இருந்தது காவல்துறைக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் இடையே உள்ள குழாயில்.

நம்முடைய நிலைமை அதற்கு நேரெதிர். 14 நாளில் நகல் தராவிட்டால் இங்கே வழக்கு தள்ளுபடி ஆகாது. அடுத்த வாய்தா விழும். 2024 ஜனவரியில் கபில் வாதவான் வழக்கில், மேல் விசாரணை பாக்கி இருப்பதாலேயோ எல்லா ஆவணமும் இணைக்கப்படாததாலேயோ குற்றப்பத்திரிகை முழுமையற்றதாகிவிடாது, அதை வைத்து, கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கிடைக்கும் சட்டப்பூர்வ ஜாமீன் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆய்வக அறிக்கை வராமலே 90-ஆவது நாள் குற்றப்பத்திரிகை தாக்கலாகும். 14 நாள் கணக்கு அரைகுறைக் கட்டின் மேல் ஓடும். ஆறு மாதம் கழித்துக் கூடுதல் அறிக்கை வரும். விடுவிப்பு மனுவுக்கு 250-ஆம், 262-ஆம் பிரிவுகள் கொடுத்த 60 நாள் அதற்குள் கரைந்திருக்கும். தவறியவருக்குத் தண்டனை இல்லாத கெடு என்பதால் செலவு தெரியாமல் போகிறது, இல்லாமல் போவதில்லை. 2022-ஆம் ஆண்டின் தேசியச் சிறைப் புள்ளிவிவரப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் ஒருவரின் வழக்கு நகலுக்காக மூன்று வாய்தா தள்ளினால், மூன்று மாதச் சாப்பாடு, மூன்று தடவை ஆயுதப்படை எஸ்கார்ட், வந்து திரும்பிய சாட்சிகளின் படி எல்லாம் சிறைத் துறை, காவல்துறை, நீதித்துறை என்று மூன்று தலைப்புகளில் சிதறி விழும். நகல் தாமதம் என்ற தலைப்பில் ஒரு ரூபாய்கூட விழாது.

தமிழ்நாட்டில் இதை அளக்க விரும்புகிறவர் புதிதாக எந்த அமைப்பையும் உருவாக்க வேண்டியதில்லை. நீதிமன்ற இணையப் பதிவில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் காரணம் ஏறுகிறது. அதில் ‘நகல் வழங்க’ என்று விழும் வாய்தாக்களை மட்டும் மாவட்ட வாரியாக எடுத்து, எதிரி சிறையில் இருந்த வழக்குகளைப் பிரித்து, அந்த நாட்களைச் சிறைத் துறையின் ஒரு கைதிக்கான நாள் செலவோடு பெருக்கினால் முதல் மதிப்பீடு வந்துவிடும். சாட்சிப்படியும் எஸ்கார்ட்டும் பிறகு சேர்க்கலாம்.

தடய அறிவியல் நிபுணர் கட்டாயமாகச் சம்பவ இடத்துக்கு வரும் விதியை எந்தத் தேதியிலிருந்து நடைமுறைப்படுத்துவது என்பதை அறிவிக்க மாநிலங்களுக்கு 176-ஆம் பிரிவு அதிகபட்சம் ஐந்தாண்டு கொடுத்திருக்கிறது. 2029 நடுவில் அது முடியும். 2,254 கோடித் திட்டம் 2028-29 நிதியாண்டோடு, அதாவது 2029 மார்ச்சில் முடியும். மத்தியப் பணம் நின்று சில மாதங்களில் மாநிலங்களின் முழுக் கடமை தொடங்கும். அன்று முதல் ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய ஒவ்வொரு வழக்கிலும் ஆய்வக அறிக்கையும் காட்சிப் பதிவும் கட்டில் இருக்கும். அவற்றை எதிரி தரப்பில் திறந்து பார்க்கப்போகிறவருக்கான ஊதியத் தலைப்பு இன்றுவரை எந்தத் திட்டத்திலும் எழுதப்படவில்லை.